லைப்ரரியன் ஆகணுமா... சான்றிதழ் இருக்கா?

சீசனுக்கு ஐந்தருவி போனா என்ன பண்ணுவோம்? க்யூல நின்னு குளிப்போம், ஈரத்தோட சூடா பஜ்ஜி சாப்பிடுவோம், பஸ் ஏறிடுவோம். அப்படியே பக்கத்துல தென்காசிக்கு வந்து வ.உ.சி. வட்டார நூலகத்தை எட்டிப் பாருங்க. குரூப் 2, குரூப் 4-னு கைடும் நோட்டுமா உட்கார்ந்திருக்கும் நம்ம வயசுக் கூட்டம். நீங்களும் அதில் ஒருத்தரா? அப்போ ஒரு கேள்வி. நீங்க உட்கார்ந்து படிக்கிற அந்த நூலகத்தையே நடத்துற வேலைக்கு என்ன தகுதி வேணும்னு என்றைக்காவது விசாரிச்சிருக்கீங்களா?

"புக்கை எடுத்துக் கொடுத்து சீல் குத்துறதுக்கு ஒரு படிப்பா?" என்று சிரிப்பவர்களுக்கு ஒரு சின்ன டெஸ்ட். 'திருக்குற்றாலக் குறவஞ்சி'யை எந்த அலமாரியில் வைப்பீங்க? இலக்கியத்திலா? குற்றாலத்தைப் பற்றித் தெரிஞ்சுக்க வந்த பையன் ஊர் வரலாற்றுப் பக்கமே தேடிட்டுத் திரும்பிடுவானே! குற்றால மலை மூலிகைகள் பற்றின புத்தகம் தாவரவியலா, சித்த மருத்துவமா? ஒரு புத்தகம் ஒரே இடத்தில்தான் இருக்க முடியும். ஆனால் தேடி வருகிற நாலு பேரும் நாலு வழியில் வருவாங்க. அத்தனை பேரையும் அந்தப் புத்தகத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வித்தைக்குப் பெயர்தான் வகைப்படுத்தலும் பட்டியலாக்கமும். சான்றிதழ் படிப்பில் முக்கியமாகச் சொல்லித் தருவது இதைத்தான்.

இந்த வித்தைக்கே உலக குரு நம்ம சீர்காழிக்காரர்தான். எஸ்.ஆர்.ரங்கநாதன். வேடிக்கை என்னன்னா, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்தபோது அவரிடம் நூலகப் படிப்பு எதுவும் கிடையாது. மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார்! சேர்ந்த கொஞ்ச நாளிலேயே போரடிச்சுப் போய், திரும்ப வகுப்புக்கே போறேன்னு நின்னார். லண்டன் போய்ப் பயிற்சி எடுத்துட்டு வந்து முடிவு பண்ணுங்கன்னு அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுப் பொருளைப் பார்த்தவருக்கு, துண்டுகளைக் கோத்து பொம்மை செய்வதுபோல எண்களைக் கோத்து எந்தப் புத்தகத்துக்கும் முகவரி கொடுக்கலாமே என்று பொறி தட்டியது. அதுதான் 1933-ல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. 1929-ல் சென்னை நூலகச் சங்கம் மூலம் நூலகப் பயிற்சிப் பள்ளியும் தொடங்கியாச்சு. தனக்கு இல்லாத சான்றிதழை அடுத்தவங்களுக்கு உண்டாக்கிக் கொடுத்த மனுஷன்!

1948-ல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். இன்றைக்கு உங்க வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகுது. அதாவது நூலகருக்கு நீங்களும் ஒரு முதலாளி. தகுதியைக் கேட்க உரிமை இருக்கு.

சரி, ஏணி எப்படி? அடிப்படி சி.எல்.ஐ.எஸ். என்கிற சான்றிதழ். ஊர்ப்புற நூலகர் வேலைக்குப் பத்தாம் வகுப்போடு இது வேண்டும். டிகிரி முடிச்சவங்களுக்கு ஒரு வருட பி.எல்.ஐ.எஸ்., அதுக்கு மேலே எம்.எல்.ஐ.எஸ். நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலேயே நூலகத் துறை இருக்கு. பெரிய பதவிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. கதவு. 2023-ல் நூலகப் பணிகளுக்குத் தனித் தேர்வு நடத்தினாங்க. மாவட்ட நூலக அலுவலர் முதல் நூலக உதவியாளர் வரை... மொத்தமே 35 இடம். மாநிலம் முழுக்க!

அங்கேதான் உறுத்துது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் இருக்கு, பதிவு எண் இருக்கு. நூலகருக்கு அப்படி எதுவும் இங்கே இல்லை. நியூயார்க் மாநிலத்தில் 2010-லிருந்து சான்றிதழ் வாங்கும் பொது நூலகர்கள், ஐந்து வருடத்துக்கு 60 மணி நேரம் பயிற்சி எடுத்தால்தான் அது செல்லும். நம்ம ஊரில் ஒரு தடவை வாங்கின சான்றிதழ் ரிட்டையர் ஆகிற வரைக்கும். அதைவிட மோசம், அதே சான்றிதழை வாங்கிட்டு வந்த ஊர்ப்புற நூலகர்கள் வருடக்கணக்கா சிறப்பு காலமுறை ஊதியத்தில் தவிச்சதுதான். தகுதியைக் கறாராகக் கேட்பது நியாயம். சம்பளத்திலும் அந்தக் கறார் வேண்டாமா?

இதெல்லாம் தெரிஞ்சும் ஆசை இருக்கா? அஞ்சல் வழியில் சேரப் போறீங்கன்னா, பணம் கட்டுறதுக்கு முன்னாடி அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கானு பாருங்க. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையில் ஒவ்வொரு பதவிக்கும் எந்தப் படிப்பு கேட்கிறாங்கன்னு வரி வரியாப் படிங்க. டிகிரியை 10, பிளஸ் டூ முடிச்சுட்டு வரிசையாப் படிச்சிருக்கணும் என்பதையும் மறக்காதீங்க. இக்னோவில் ஜனவரி, ஜூலைனு வருடத்துக்கு இரண்டு சேர்க்கை. ஜூலைன்னா இங்கே நல்ல சாரல் நேரம். விண்ணப்பத்தைப் போட்டுட்டே அருவிக்குக் கிளம்பலாம்.