கழலைக்குக் கடற்பாசி

முன்கழுத்துக் கழலைக்குச் சீன வைத்தியர்கள் மருந்து தேடியது கடலில். நான்காம் நூற்றாண்டில் கோ ஹொங் என்பவர், கடற்பாசியை மதுவில் ஊறவைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பயன்படுத்தியவை பழுப்புநிறப் பாசிகள்: சர்காசம் வகையைச் சேர்ந்த ஹைசாவ், அகலப் பட்டையாக வளரும் குன்பு. உப்புச் சுவையும் குளிர்ச்சியும் உள்ள மருந்து கட்டியை இளக்கும், சளியைக் கரைக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1617இல் சென் ஷிகொங் எழுதிய அறுவை வைத்திய நூலின் கழலைக் கஷாயம் இன்னும் சுவாரசியமானது. ஹைசாவும் அதிமதுரமும் சேரவே கூடாது என்று சீன வைத்தியத்தில் ஒரு பழைய விதி; மனிதர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சினார்!

குணம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. 1811இல்தான் பாரிஸில் பெர்னார்ட் கூர்த்துவா பாசிச் சாம்பலில் அயடினைக் கண்டார். 1820இல் ஜெனீவா மருத்துவர் குவாந்தே அதைக் கழலைக்குக் கொடுத்தார். வீக்கம் வடிந்தது, அளவு மிஞ்சியவர்களுக்குப் படபடப்பும் மெலிவும் வந்தன.

பதுளை மாவட்டத்துப் பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களுக்கு இதில் என்ன பங்கு? அயடின் குறைந்தால் கழலை வரும்; மலை மண்ணிலுள்ள அயடினை மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. அந்த மண்ணில் விளையும் கீரையிலும் மரக்கறியிலும் அது குறைவு. பச்சைக் கடல்மீன் லயத்துச் சமையலில் அன்றாடம் இல்லை. 1980களின் பிற்பகுதியில் இலங்கையின் 17 மாவட்டங்களில் பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது 100க்கு 19 பேர் அளவில் கழலை இருந்தது. 1995இல் சமையல் உப்புக்கு அயடின் கட்டாயமானது.

கடற்பாசி பதுளைக்குப் புதிதல்ல. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் கடற்பாசி காய்ச்சி உறையவைப்பார்கள். நம் கரையோரக் களப்புகளின் கஞ்சிப்பாசியை வெள்ளைக்காரர் 'சிலோன் மாஸ்' என்று கப்பலேற்றியதும் உண்டு. ஆனால் சிவப்புப் பாசியைக் காய்ச்சி வடித்தெடுக்கும் அகரில் அயடின் பெரிதாக மிஞ்சாது. வயிற்றுக்கு இதம்தான், கழலைக்கு உதவாது.

அதற்காக இணையத்தில் விற்கும் பழுப்புப் பாசித் தூளை வாங்கி விழுங்குவதும் புத்திசாலித்தனமல்ல. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயடின் போதும், கர்ப்பிணிக்கு 250. உலர்ந்த குன்பு ஒரு கிராமிலேயே இதைப்போலப் பல மடங்கு இருக்கலாம். கழுத்தில் வீக்கம் கண்டால் முதலில் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்க வேண்டும். எல்லா வீக்கமும் அயடின் குறைவால் வருவதல்ல. வீட்டில் செய்யக்கூடியது சின்ன வேலைதான். ஈரம் காய அடுப்போரம் திறந்து வைக்கும் உப்பில் அயடின் குறைந்துகொண்டே போகும். போத்தலை மூடித் தள்ளி வையுங்கள், கறியை இறக்கும்போது உப்புப் போடுங்கள்.