வரியும் ஏற்றத்தாழ்வும்

புதுச்சேரிக்குத் தென்மேற்கே நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஊர்களுள் பண்டசோழநல்லூரும் ஒன்று. உழவே அவ்வட்டாரத்தின் பழந்தொழில். சோழனைப் பெயரில் தாங்கிய அவ்வூரை நினைக்குங்கால், சோழ மன்னருள் ஒருவன் பெற்ற சிறப்புப் பெயரும் நினைவுக்கு வருகிறது. சுங்க வரியை நீக்கியமையால் முதற் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் போற்றப்பெற்றான். வரியை நீக்கிய வேந்தனை மக்கள் வாழ்த்துதல் இயல்பே. ஆயினும், வரியை நீக்கிய அளவில் ஏழைக்கும் செல்வனுக்கும் இடையே உள்ள தொலைவு குறைந்துவிடுமா? எந்த வரி நீங்கியது, அதனை யார் செலுத்தி வந்தனர், அப்பணம் எதற்குச் செலவாயிற்று என்பவற்றை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

அவ்வூரில் நாற்று நடும் பெண் ஒருத்தியை வினவினால், "வரி கட்டுவதெல்லாம் பணக்காரர் வேலை, எங்களுக்கு ஏது வரி?" என்று கூறக்கூடும். நகரத்தில் மாதச் சம்பளம் பெறுவோரிற் சிலரும், தாம் செலுத்தும் வரியில்தான் நாடு நடைபெறுகிறது என்று எண்ணுவதுண்டு. இரண்டும் பிழை. அப்பெண் கடையில் வாங்கும் சோப்புக் கட்டியின் விலைக்குள்ளேயே வரி ஒளிந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டில் சரக்கு சேவை வரி வந்தபோது சோப்பின் மீது 18 விழுக்காடு விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22ஆம் நாள் முதல் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கடைக்காரர் அதனைத் தனியே கேட்பதில்லை. ஆதலின் செலுத்துபவளுக்கும் அது தெரிவதில்லை.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைப் பார்ப்போம். மாதம் 10,000 ரூபாய் ஈட்டும் குடும்பம் அதனை முழுதும் செலவிடுகிறது என்று கொள்க. வாங்கும் பொருள்களுக்கெல்லாம் 5 விழுக்காடு வரி என்றால், அக்குடும்பம் ஏறத்தாழ 500 ரூபாய் செலுத்தும். மாதம் 1,00,000 ரூபாய் ஈட்டுபவர் 40,000 ரூபாயைச் செலவிட்டு எஞ்சியதைச் சேமித்தால், அவர் செலுத்துவது 2,000 ரூபாய். தொகையை நோக்கினால் செல்வர் நான்கு மடங்கு தருகிறார். வருமானத்தோடு ஒப்பிட்டாலோ, ஏழை தருவது 5 விழுக்காடு. செல்வர் தருவது 2 விழுக்காடு. இத்தகைய வரியைத் தேய்வுவிகித வரி என்பர். வருமானம் உயர உயர விகிதமும் உயர்வது வளர்விகித வரி.

தேய்வுவிகித வரிக்கு உப்பு வரியைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. செல்வன் என்பதற்காக ஒருவன் பத்து மடங்கு உப்பு உண்பதில்லை அல்லவா? 1930ஆம் ஆண்டில் ராஜாஜி திருச்சிராப்பள்ளியினின்றும் வேதாரணியத்துக்கு நடந்து சென்று மீறியது இவ்வரி பற்றிய சட்டத்தையே. புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு நாட்டிலும் உப்பு வரி மக்களின் பெருவெறுப்புக்கு ஆளாகியிருந்தது. புரட்சியின்போது 1790இல் அது நீக்கப்பட்டது. ஆனால் போருக்குப் பணம் தேடிய நெப்போலியன் 1806இல் அதனை மீண்டும் கொணர்ந்தான். வருமானத்துக்கேற்ப உயரும் வரிக்கு அந்நாடு 1914ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

விடுதலை பெற்ற இந்தியாவோ செல்வர்மீது நேரே வரி விதிக்க விரைந்தது. 1953இல் இறந்தோர் விட்டுச்சென்ற சொத்தின்மீது வரி வந்தது. பொருளியல் அறிஞர் நிக்கலஸ் கால்டர் 1956இல் அளித்த அறிக்கையை ஒட்டி, மறு ஆண்டே செல்வ வரியும் செலவு வரியும் பிறந்தன. 1973–74இல் வருமான வரியின் உச்சப்படியில் ஈட்டிய ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 97 ரூபாய் 75 காசு வரியாக விதிக்கப்பட்டது! இவ்வளவு கடுமை ஏற்றத்தாழ்வை ஒழித்திருக்க வேண்டும். ஒழிக்கவில்லை. உச்ச விகிதங்கள் வருமானத்தை மறைக்கவே தூண்டுகின்றன என்று வாஞ்சூ குழு 1971இலேயே எடுத்துரைத்தது. சட்டத்தில் இருந்த கடுமை வசூலில் இல்லை என்க. பின்னர் இறப்புச் சொத்து வரி 1985இலும், செல்வ வரி 2015இலும் கைவிடப்பட்டன.

உழவு வருமானத்தின் நிலை இன்னும் விந்தையானது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் முதல் மைய அரசின் வருமான வரி அதனைத் தொடுவதில்லை. அதன்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலங்களுக்கு உரியது. இது உழவர்க்குக் காட்டும் பரிவு என்பர் சிலர். அரை ஏக்கர் பயிரிடுபவரின் வருமானம் வரி வரம்பை எப்படியும் எட்டப்போவதில்லை. ஆகவே இவ்விலக்கு அவருக்கு ஒன்றும் தருவதில்லை. பெருநிலம் உடையவருக்கே தருகிறது.

மதுவினால் வரும் வருவாய் பற்றியும் சொல்ல வேண்டும். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தது. குடிப்பவர் மீதிருந்த சுமை பொருள் வாங்குவோர் அனைவர்மீதும் பரவியது. புதுச்சேரி அரசுக்கோ மதுவின்மீது விதிக்கும் ஆயத்தீர்வை இன்றும் ஒரு பெரிய வருவாய். கூலியில் பாதியைக் கடையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் தொழிலாளி ஒருவன், வருமானத்தோடு ஒப்பிட்டால், பல செல்வரினும் மிகுதியாக வரி செலுத்துபவன் ஆகக்கூடும். அவன் வீட்டு அடுப்பு இக்கணக்கை நன்கு அறியும்.

இனி, வாங்கிய வரி திரும்பும் வழியை நோக்குவோம். ஏற்றத்தாழ்வை அளக்க, இத்தாலியப் புள்ளியியலார் கொராடோ கினி 1912இல் வகுத்த எண் பயன்படுகிறது. எல்லார்க்கும் ஒரே வருமானம் எனில் அது 0. அனைத்தும் ஒருவனிடமே எனில் 1. பிரெஞ்சு நாட்டில் வரிக்கும் உதவித்தொகைகளுக்கும் முன்னர் அவ்வெண் ஏறத்தாழ 0.5, அவற்றுக்குப் பின்னர் ஏறத்தாழ 0.3. மெக்சிகோவிலோ முன்னும் பின்னும் பெரிய மாற்றம் இல்லை. ஈட்டும்போது உள்ள வேற்றுமை எங்கும் பெரிதே. முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் குழந்தைகட்கும் வரிப்பணம் எவ்வளவு திரும்புகிறது என்பதிலேயே நாடுகள் மிகவும் வேறுபடுகின்றன.

பணமாக மட்டுமன்றிக் கல்வியாகவும் உணவாகவும் அது திரும்பலாம். செல்வ நாடாக இல்லாத இலங்கை, கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வியை நிறுவியது. காமராசர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியிலேயே, 1930இல், அத்தகைய திட்டம் ஒன்று இருந்தது.

எவ்வடிவில் திரும்ப வேண்டும் என்பதும் எளிய வினா அன்று. 2015 செப்டம்பரில் புதுச்சேரியில் நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. விரும்பிய அரிசியை விரும்பிய கடையில் வாங்கலாம் என்பது அதன் நன்மை. ஆனால் பணத்தை எடுக்க ஒரு நாள் கூலியை இழந்து வங்கிக்குச் செல்ல நேரலாம். அரிசி விலை ஏறும்போது கணக்கில் விழும் தொகை தானாக ஏறுவதுமில்லை. 2024 அக்டோபரில் அங்கே நியாயவிலைக் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டு அரிசியே வழங்கப்பட்டது.