படித்தது கைக்கு வரும்வரை

உத்தரப் பிரதேசப் பிரசவ அறைகளில் ஓர் எளிய பட்டியலுக்கு நேர்ந்த சோதனை

பிரசவம் பார்க்கும் முன் கை கழுவ வேண்டும் என்பதை அறியாத நர்ஸ் கிடையாது. குழந்தை பிறந்ததும் தாய்க்கு ஆக்ஸிடோசின் ஊசி போட்டால் ரத்தப்போக்கு குறையும் என்பதும் பாடத்தில் உள்ளதுதான். ஒவ்வொரு தாய்க்கும், ஒவ்வொரு முறையும் இவை நடக்கின்றனவா என்பதுதான் பிரச்சினை.

இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 29 அம்சங்கள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கியது. தாய் வந்து சேரும்போது, பிரசவத்துக்குச் சற்று முன், குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், வீடு திரும்பும் முன் என நான்கு முறை அதைப் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் ஒரு மருத்துவமனையில் சோதித்தபோது நல்ல பலன் தெரிந்தது. முன்பு 29ல் சராசரியாக 10 மட்டுமே நடந்தன. பிறகு 25.

அடுத்த களம் உத்தரப் பிரதேசம். 120 சுகாதார மையங்களில் பாதிக்குப் பட்டியலும் பயிற்சியாளர்களும் கிடைத்தனர். மறுபாதி வழக்கம்போல் இயங்கியது. எட்டு மாதங்களில் மையத்துக்கு 43 முறை பயிற்சியாளர்கள் வந்துபோனார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான தாய்மார்களின் நிலை பதிவு செய்யப்பட்டது.

முடிவுகள் 2017ல் வெளியாயின. இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு, அவசியமான செயல்களில் 73 சதவீதம் இந்த மையங்களில் நடந்தன, மற்றவற்றில் 42. ஆனால் பயிற்சியாளர்களின் வருகை நின்று நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது 73 என்பது 62 ஆகியிருந்தது.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறு. சிசு மரணம், தாய் மரணம், தாய்க்கு ஏற்படும் கடும் சிக்கல் ஆகியவை சேர்ந்த விகிதம் ஒருபுறம் 15.1 சதவீதம், மறுபுறம் 15.3. ஏறக்குறைய வித்தியாசமே இல்லை.

பட்டியல் தவறா? அப்படிச் சொல்வதற்கில்லை. 73 சதவீதம் என்றாலும் நான்கில் ஒரு செயல் விடுபடுகிறது. கிருமிக்கு அந்த ஒரு இடைவெளி போதும். தவிர, மூச்சுவிடாத சிசுவைப் பிழைக்க வைக்கும் திறமையையோ, சிக்கலான தாயைப் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லும் வாகனத்தையோ காகிதம் தந்துவிடாது. செய்ய வேண்டியதை நினைவூட்ட மட்டுமே அதனால் முடியும்.

அதே 2017ல் மத்திய அரசு 'லக்ஷ்யா' திட்டத்தைத் தொடங்கி, அரசுப் பிரசவ அறைகளின் தரத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்க முன்வந்தது. மதிப்பீட்டாளர்கள் திரும்பிப் போன மறுநாள் இரவும் நர்ஸ் கை கழுவினால்தான் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு.