இயற்பியல் எட்டாத கனியா?

"ரெசிஸ்டன்ஸ் என்றால் என்ன?"

ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டதும் மாணவன் தலையைக் குனிந்து கொள்கிறான். எரியாத டார்ச் விளக்கை வீட்டில் பிரித்து, துருவைச் சுரண்டி எரியவைப்பவனும் அவன்தான். அவனுக்குத் தெரியாதது இயற்பியல் அல்ல, அந்தச் சொல்!

மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளிகளை நடத்தி வருகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால், தாராவியில் தமிழில் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளில் பலர், உயர்நிலை வகுப்புகளில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டி வருகிறது. பாடம் கடினமாகும் அதே நேரத்தில் மொழியும் மாறிவிடுகிறது. "நமக்கு அறிவியல் வராது" என்ற எண்ணம் பிஞ்சு மனதில் பதிவது அப்போதுதான்.

மான்கூர்டில் கண்ட உண்மை

செம்பூரை அடுத்த மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஓர் அங்கமாக 1974-ல் தொடங்கப்பட்டது இது. இதை வழிநடத்திய இயற்பியல் அறிஞர் வி.ஜி.குல்கர்னியும் அவருடைய குழுவினரும், மாநகராட்சிப் பள்ளிகளில் பயின்ற பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கு 1980-களில் பயிற்சி அளித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவு குறைவில்லை. பாடநூலின் மொழியே பெரிய தடை என்பது அதில் தெரியவந்தது.

அந்த அனுபவத்தை இன்றைய பாடத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு பாடத்துக்கு மூன்று பாடவேளை ஒதுக்கினால் போதும். முதல் வேளையில் கையால் செய்து பார்ப்பது. இரண்டாவதில் கண்டதைத் தாய்மொழியில் சொல்லிக் கணக்குப் போடுவது. மூன்றாவதில் பாடநூலைத் திறந்து, தேர்வு மொழியில் விடை எழுதுவது.

எரியும் விளக்கு

முதலில் எலக்ட்ரானிக்ஸ். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி இரண்டு, சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஒன்று, 100 ஓம் மின்தடை ஒன்று. இவ்வளவுதான் செலவு.

பேட்டரிகள் தருவது 3 வோல்ட். விளக்கு எடுத்துக் கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி 1 வோல்ட்டை 100 ஓமால் வகுத்தால், ஓடும் மின்சாரம் 10 மில்லி ஆம்பியர் என்று கிடைக்கும். விளக்கைத் திருப்பி மாட்டினால் எரியாது. ஒருவழிப் பாதை! அதைக் கண்ணால் பார்த்த பிறகு "டையோடு" என்ற சொல் மனதில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

கூரையில் விழுந்த மழை

அடுத்தது காலநிலை. 2005 ஜூலை 26-ந் தேதியை மும்பைத் தமிழர்கள் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் சாந்தாகுருசில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் கொலபாவில் பெய்தது 75 மில்லி மீட்டருக்கும் குறைவு.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால், சாந்தாகுருசில் 100 சதுர அடி கூரை ஒன்றின் மேல் அன்று விழுந்த தண்ணீர் எவ்வளவு? 8,700 லிட்டருக்கு மேல்! மித்தி ஆறு ஏன் பொங்கியது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

ஒருநாள் மழை வானிலை. சுமார் 30 ஆண்டு சராசரி காலநிலை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கும் நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது. பெருமழைக்கும் புவி வெப்பம் உயர்வதற்கும் உள்ள தொடர்பு இங்கே புரியத் தொடங்கும்.

வீட்டுக்கு மேலே விண்வெளி

மூன்றாவது பாடத்துக்கு மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தாராவியானாலும் மாட்டுங்காவானாலும் டி.வி. 'டிஷ்'கள் எல்லாம் தென்கிழக்குப் பக்கமே பார்ப்பது ஏன்? நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. அதனால் நம் கண்ணுக்கு அது அசையாமல் நிற்கிறது. அங்கிருந்து அலை வந்து சேர, நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் போதும்.

மழை மேகத்தைப் படம் எடுப்பதும் செயற்கைக்கோள்தான். அந்தப் படத்தை அனுப்புவது எலக்ட்ரானிக்ஸ். மூன்று பாடமும் இங்கே ஒன்று சேர்கின்றன.

தாய்மொழி தடை அல்ல

2008-ல் நிலவுக்குச் சென்ற சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டம் கோதவாடி கிராமத்தில் பிறந்து, தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். ஆங்கிலம் அவருக்குப் பின்னால் வந்தது. அறிவியல் முன்னாலேயே வந்துவிட்டது.

தாராவிப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆனால், அது வரும்வரை இயற்பியல் வாசலில் காத்துக்கிடக்க வேண்டியதில்லை. வீட்டில் பெற்றோரும் ஒன்று செய்யலாம். "இன்று பள்ளியில் என்ன பார்த்தாய்? தமிழில் சொல்லு, கேட்போம்" என்று மாலையில் கேட்டால் போதும். சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுதவும் வரும்.