கரண்டி ஆண், கத்தி அஃறிணை!

"ஜெர்மனா? அதைப் படிச்சு என்ன செய்யப் போறா? கம்ப்யூட்டர் படிக்கச் சொல்லக் கூடாதோ?"

என் பெண் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் எம்.ஏ. படிக்கப் போகிறாள் என்றதும் என் நாத்தனார் கேட்ட கேள்வி இது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே சந்தேகம்தான். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

பணக் கவலை வேறு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஹைடல்பர்க் இருக்கும் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு 1,500 யூரோ. 2025-ல் அவள் கிளம்பியபோது, ஒரு வருஷச் செலவுக்கென்று 11,904 யூரோவை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அங்கே போன பிறகு அதிலிருந்தே மாதம் 992 யூரோ எடுத்துக்கொள்ளலாம். என் வளையல்கள் அடகுக்குப் போயின.

போவதற்கு முன் அவள் உரக்கப் படிப்பாள். நான் சமையலறையிலிருந்து கேட்பேன். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டாம். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை! "சரி, பெண்ணுக்கு என்னடி?" என்றேன். "சிறுமியைச் சொல்கிற 'மேட்ஷென்' அஃறிணைம்மா" என்றாளே பார்க்கலாம்!

"என்ன அநியாயம்! கரண்டிக்கு இருக்கிற மரியாதை பெண்ணுக்கு இல்லையா?"

"'ஷென்' என்று முடிந்தால் சின்னஞ்சிறிசுன்னு அர்த்தம். அப்படி முடிகிற சொல்லெல்லாம் அஃறிணைதான். நாம மட்டும் 'குழந்தை சிரித்தது'ன்னு சொல்றதில்லையா?"

என் வாய் அடைத்துவிட்டது. பிறத்தியார் மொழியைப் படித்தால் நம் மொழியும் புதிதாகத் தெரிகிறது!

பாடங்களும் லேசானவை அல்ல. நமக்குச் சங்கத் தமிழ் போல, சுமார் 1200-ல் எழுந்த 'நிபெலுங்கென்' காவியத்தின் பழைய ஜெர்மன் உண்டு. குழந்தைகளுக்குக் கதை சொன்ன கிரிம் சகோதரர்கள் பெரிய மொழி அறிஞர்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். 1838-ல் அவர்கள் ஓர் அகராதியைத் தொடங்கினார்கள். 'பழம்' என்பதற்கான சொல்லை எழுதிக்கொண்டிருந்தபோது, 1863-ல் அண்ணன் யாக்கோப் காலமானார். பின்வந்தவர்கள் தொடர்ந்து எழுதி, 1961-ல்தான் அது முடிந்ததாம்.

என் மனசை மாற்றியது வேறொரு செய்தி. ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் தோன்றியது 1386-ல். பெண்கள் முறையான மாணவிகளாகப் பெயர் பதிவு செய்துகொள்ள அனுமதி கிடைத்ததோ 1900-ல்! ஐந்நூறு வருஷத்துக்கு மேல் சாத்தியிருந்த கதவு. அதற்குள் என் பெண் நுழையும்போது, 'என்ன லாபம்' என்று நானே குறுக்கே நிற்கலாமா?

மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி என்று வேலைக்கும் வழி இருக்கிறது. ஆனால், சகோதரிகளே, அனுப்ப நினைப்பவர்கள் மொழிப் படிப்பை இங்கேயே சீக்கிரம் தொடங்கிவிடுங்கள். மொத்தம் ஆறு படிகள். இலக்கியம் படிக்கப் பொதுவாக ஐந்தாவது படியாவது ஏறியிருக்க வேண்டும்.

போன மாதம் போன் செய்தாள். வகுப்பில் முதன்முதலாக எழுந்து ஜெர்மனில் பேசினாளாம். "முடிச்சதும் எல்லாரும் மேஜையைத் தட்டினாங்கம்மா!"

"ஐயோ, கோபமா?"

"இல்லம்மா, பல்கலைக்கழகத்துல கைதட்டறதுக்குப் பதிலா இப்படித்தான் தட்டுவாங்க."

போனை வைத்துவிட்டு வந்தேன். சமையல் மேடையை நானும் இரண்டு தட்டுத் தட்டினேன்.