மாசி மாதத்துக் காடு, கேக்கில்

இலையுதிர்காலக் காடு மாதிரி ஒரு கேக் வேண்டும் என்று ஆர்டர் வந்தால், பெரும்பாலும் கை போவது சிவப்பு ஃபாண்டன்ட்டுக்கும் மேப்பிள் இலை அச்சுக்கும்தான். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். அந்தக் காடு நம் தருமபுரியில் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர் நெருங்கிப் பகல் குறுகும் அக்டோபரில் இலை பழுத்து விழும். நமக்கு அக்டோபர் மழை மாதம். பென்னாகரம் போகும் வழியெல்லாம் பச்சை. நம் மரங்கள் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும்போதுதான் இலையைக் கழிக்கின்றன. மாசியில் ஒகேனக்கல் மலைப்பாதையில் பாருங்கள். தரையெல்லாம் சருகு, மேலே சாம்பல் நிறக் கிளை. அதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

சிலை போல நிற்கும் கேக் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2020 டிசம்பரில் ராமநாதபுரத்து பேக்கரி ஒன்று, மறைந்த கால்பந்து வீரர் மரடோனாவுக்கு ஆறடி உயரத்தில் கேக் சிலை வைத்தது. 60 கிலோ சர்க்கரை, 270 முட்டை, நான்கு நாள் உழைப்பு. நமக்கு ஓரடி உயரத் தேக்குமரம் போதும். ஆனாலும் எடையைக் கேக்கின் மேல் சுமத்தக் கூடாது. நாலு அங்குலத்துக்கு ஒரு அட்டை, அதைத் தாங்க அடியில் குச்சிகள், எல்லாவற்றையும் துளைத்து நடுவில் ஒரு நீளக் குச்சி.

ஸ்பாஞ்ச் கேக் செதுக்குவதற்கு ஆகாது; வெண்ணெய் கேக்தான் சரி. மைதாவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கேழ்வரகு மாவு சேருங்கள். மரத்தின் நிறம் தானாக வரும், களி தின்று வளர்ந்த ஊருக்கு ருசியும் பிடிபடும். அளவு கூடினால் உதிரும், ஏனென்றால் கேழ்வரகில் குளூட்டன் இல்லை. ஓர் இரவு ஃப்ரிட்ஜில் இறுகவிட்டு, பல் வைத்த பிரெட் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள்.

மேற்பூச்சுக்கு பட்டர்கிரீம் வேண்டாம். வெண்ணெய் 35 டிகிரிக்குள் உருகிவிடும், நம் வெயில் அதைத் தாண்டும். டார்க் சாக்லேட் மூன்று பங்கு, கிரீம் ஒரு பங்கு என்று கனாஷ் கிண்டுங்கள். பாதி இறுகும்போது முள்கரண்டியால் மேலிருந்து கீழே இழுத்தால் பட்டையின் வெடிப்பு விழும். கோடுகள் நேராக இருந்தால் மரமாகத் தெரியாது. கையைச் சற்று நடுங்கவிடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த வேலை சருகு. சின்ன வெற்றிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நரம்பு புடைத்திருக்கும் அடிப்பக்கத்தில் உருகிய காம்பவுண்ட் சாக்லேட்டை பிரஷ்ஷால் பூசுங்கள். பூரிக்கட்டையின் மேல் வளைத்துப் படுக்கவைத்து இறுகியதும், காம்பைப் பிடித்து இலையை மெல்ல உரித்தெடுங்கள். சுருண்ட சருகு ஒன்று, நரம்பு நரம்பாக, கையில் நிற்கும். கோகோவும் பட்டைத்தூளும் தூவினால் காய்ந்த நிறம் வந்துவிடும். அழகாக இருக்கிறதென்று அரளி, எருக்கு இலைப் பக்கம் போய்விடாதீர்கள், இரண்டும் விஷம்.

வெளிநாட்டுப் படங்களில் காளான் இருக்கும். அங்கே இலையுதிர்காலம் ஈரமானது. இங்கே காளான் மழையோடு வரும், சருகோடு வராது. அந்த இடத்தில் கறையான் புற்று வையுங்கள். அதற்கு அச்சே தேவையில்லை, தூத்துக்குடி மக்ரூன் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரியில் செய்த அந்தக் கூம்புகளைப் பெரிதும் சிறிதுமாகக் கனாஷால் ஒட்டி, வறுத்த கேழ்வரகு மாவைத் தூவினால் செம்மண் புற்று தயார். நிறம் வேண்டுமென்றால் கிளை நுனியில் ஆரஞ்சு ஃபாண்டன்ட்டில் புரசம்பூ வையுங்கள். இலையில்லாத நாளில் பூக்கும் மரம் அது.

கேக்கை வெயில் ஏறுமுன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். புற்றை மட்டும் தனி டப்பாவில் எடுத்துப்போய் மண்டபத்தில் ஒட்டுங்கள். ஃப்ரிட்ஜ் ஈரம் பட்டால் மக்ரூன் நமத்துவிடும்.