‘காக்கா முட்டை’ சிறுவர்களைத் தேடி ஏன் எவரும் வரவில்லை?

மணிகண்டன் இயக்கத்தில் 2015இல் வெளிவந்த ‘காக்கா முட்டை’ திரைப்படத்தில் இரண்டு சிறுவர்கள் தண்டவாளத்தின் ஓரம் சிதறிக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். தந்தை சிறையில் இருக்கிறார். அவரை வெளியே கொண்டுவரத் தாய் உழைத்து அலைகிறார். வீட்டில் இருப்பவர் வயதான பாட்டி மட்டுமே. பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. பார்வையாளர்களின் நினைவில் நிற்பது பீட்சாவின் மீது அவர்களுக்கிருந்த ஆசை. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அரசு வழங்கிய தொலைக்காட்சிப் பெட்டி அந்தக் குடிசைக்குள் வந்து சேர்கிறது. காவல்துறை வருகிறது, செய்தி அலைவரிசைகளின் காமிராக்கள் வருகின்றன. குழந்தைகள் நலனுக்குப் பொறுப்பான ஓர் அலுவலர்கூடப் படம் முடியும்வரை வரவில்லை.

இதை இயக்குநரின் கவனக்குறைவு என்று எவரும் குறை கூறவில்லை. அப்படி ஓர் அலுவலர் வந்திருந்தால்தான் கதை நம்பும்படியாக இல்லை என்று தோன்றியிருக்கும். சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஒருவர் கதையில்கூட நம்ப முடியாதவராக இருப்பது ஏன் என்பதே இங்கு ஆராயப்பட வேண்டியது.

சட்டம் என்ன சொல்கிறது?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகக் கருதுகிறது. ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ யார் என்பதை அதன் 2(14) பிரிவு வரையறுக்கிறது. வீடும் பிழைப்புக்கான வழியும் இல்லாத குழந்தை, தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலை செய்யும் குழந்தை, கவனித்துக்கொள்ள இயலாத நிலையில் பெற்றோர் உள்ள குழந்தை என அப்பட்டியல் நீள்கிறது. நிலக்கரி பொறுக்கும் அந்தச் சிறுவர்கள் இதற்குள் வருவார்கள் என்று வாதிட வலுவான இடமுண்டு. அதுமட்டுமன்று; 6 முதல் 14 வயதுவரை கட்டாயக் கல்வியை உறுதிசெய்யும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், இடைநின்ற குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது.

இத்தகைய குழந்தைகளுக்காக மாவட்டந்தோறும் குழந்தை நலக் குழு அமைக்கப்பட வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அக்குழுவுக்கு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரங்கள் உண்டு. காவலர், தொழிலாளர் ஆய்வாளர், மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், பொதுநலனில் அக்கறையுள்ள குடிமகன் என எவரும் குழந்தையை அதன்முன் அழைத்துச் செல்லலாம். குழந்தை தானே நேரில் சென்று முறையிடவும் 31ஆம் பிரிவு இடமளிக்கிறது. எவரும் அழைத்து வராவிட்டாலும் குழுவே தானாக முன்வந்து விசாரிக்கலாம்.

பணம் எங்கே தடைபடுகிறது?

விசாரணைக்குப் பின் குழு பிறப்பிக்கும் ஆணை ‘இல்லத்தில் சேர்ப்பது’ என்பதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. 37ஆம் பிரிவின்படி குழந்தையைப் பெற்றோரிடமே ஒப்படைத்துக் கண்காணிக்கலாம். வளர்ப்புப் பராமரிப்பில் விடலாம். நிதி ஆதரவு வழங்க ஆணையிடலாம். மிஷன் வத்சல்யா திட்டத்தின்கீழ் நிதி ஆதரவாக ஒரு குழந்தைக்கு மாதம் ரூ. 4,000 வழங்கப்படுகிறது. குழந்தை தன் குடும்பத்திலேயே வளர்வதற்கு அரசு செலுத்தும் தொகை இது.

ஆனால் அந்நிதிக்கான தகுதிகளை 45ஆம் பிரிவு வரிசைப்படுத்தும்போது நான்கு நிலைகளையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: தாய் கைம்பெண்ணாகவோ மணமுறிவு பெற்றவராகவோ குடும்பத்தால் கைவிடப்பட்டவராகவோ இருத்தல்; பெற்றோரை இழந்து உறவினரிடம் வாழ்தல்; பெற்றோர் உயிர்க்கொல்லி நோய்க்கு ஆளாதல்; விபத்தால் பெற்றோர் செயலிழத்தல். தந்தை சிறையில் இருக்கும் குழந்தை இந்த வரிசையில் இல்லை. இவை ‘உள்ளடங்கும்’ என்றே சட்டம் சொல்கிறது. இவை மட்டுமே என்று சொல்லவில்லை. ஆகவே பட்டியல் முடிவானதன்று என்று நாம் வாதிட முடியும். அலுவலக மேசையிலோ பட்டியலே வேலியாகிவிடுகிறது.

இது நமக்குப் பொதுவான நிர்வாகச் சிக்கல் அன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. விசாரணைக் கைதிகளிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்கள் தொடர்ந்து காட்டுகின்றன. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலேயே சிறையில் கிடக்கும் தந்தையின் தண்டனையை வெளியே அனுபவிப்பவர்கள் அவருடைய பிள்ளைகள். அவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

குழந்தைகள் ஏன் ஒளிந்துகொள்கிறார்கள்?

ஜப்பானிய இயக்குநர் ஹிரோகசு கொரீடா 2004இல் எடுத்த ‘நோபடி நோஸ்’ இந்தக் கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1988இல் டோக்கியோவில் நடந்த உண்மை நிகழ்வு ஒன்றின் தூண்டுதலால் உருவான படம் அது. தாய் விட்டுச் சென்ற நான்கு பிள்ளைகளைப் பன்னிரண்டு வயது மூத்தவன் அகிரா பராமரிக்கிறான். மின்சாரமும் நீரும் துண்டிக்கப்படுகின்றன. பூங்காக் குழாயில் நீர் பிடிக்கிறார்கள். அதிகாரிகளிடம் தெரிவிக்கலாமே என்று கேட்கப்படும்போது, தெரிவித்தால் நால்வரும் சேர்ந்து வாழ முடியாது என்று அவன் மறுக்கிறான். இறுதியில் கடைக்குட்டித் தங்கை இறந்துபோகிறாள். உதவி எங்கே கிடைக்கும் என்பது அகிராவுக்குத் தெரியாமல் இல்லை. உதவியின் விலை பிரிவு என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த அச்சம் நியாயமானது என்பதை மீரா நாயர் 1988இல் எடுத்த ‘சலாம் பாம்பே’ உணர்த்துகிறது. அதில் அரசு வருகிறது. பாலியல் தொழிலாளி ஒருவரின் மகளான சிறுமி மஞ்சுவைப் பிடித்து இல்லத்தில் அடைக்கிறது. தாய் தேடி வந்து கெஞ்சியும், அவர் தகுதியற்றவர் எனக் கூறி மகளைத் திருப்பித் தர மறுக்கிறது. உடன் பிடிபட்ட கிருஷ்ணா அடைபட்ட இடத்திலிருந்து தப்பியோடி மீண்டும் தெருவுக்கே வருகிறான்.

இன்றைய சட்டம் இந்த அணுகுமுறையைக் கைவிட்டுவிட்டது. நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்பதும், குழந்தையைப் பேணும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்பதும் 3ஆம் பிரிவு வகுத்த அடிப்படைக் கோட்பாடுகள். வறுமையை மட்டுமே காரணமாக்கிக் குழந்தையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009 டிசம்பரில் ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இருந்தும், சேரிக் குடும்பத்தைக் காணும் அதிகாரியின் கண்ணுக்கு வறுமை அலட்சியமாகவும், சாதி தகுதியின்மையாகவும் தெரியும்வரை, நம் குழந்தைகள் அதிகாரியைக் கண்டதும் ஒளிந்துகொள்ளவே செய்வார்கள்.

நாம் செய்யக்கூடியவை

வன்கொடுமையில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு மற்றுமோர் உரிமை உண்டு. 2016இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் அட்டவணை, கொலையுண்டவரின் குடும்பத்துக்கு மாதம் ரூ. 5,000 அடிப்படை ஓய்வூதியமும் அதற்குரிய அகவிலைப்படியும், பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரையான முழுக் கல்விச் செலவும் பராமரிப்பும் என வரையறுக்கிறது. மூன்று மாதங்களுக்குள் இவற்றுக்கு ஏற்பாடு செய்யப்பட வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கும் இழப்பீட்டுத் தவணைக்கும் போராடும் நாம், பல நேரங்களில் இந்தப் பகுதியைக் கேட்கவே மறந்துவிடுகிறோம். நிவாரணம் ஓர் அலுவலகத்தின் பொறுப்பு, குழந்தைகள் பாதுகாப்பு மற்றோர் அலுவலகத்தின் பொறுப்பு. இரண்டையும் இணைத்து மனு எழுதுவது நம் பொறுப்பாகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழுவின் கூட்டத்தில் குழந்தைகளின் நிலையைத் தனிப் பொருளாகச் சேர்க்கக் கோரலாம்.

தந்தை சிறையில் உள்ள குழந்தைகளுக்கு, பிணை மனு போடும் வழக்கறிஞரே நிதி ஆதரவு கோரும் விண்ணப்பத்தையும் குழந்தை நலக் குழுவிடம் அளிக்கலாம். அதில் குழந்தை குடும்பத்துடனேயே வாழ விரும்புகிறது என்பதை முதல் வரியிலேயே எழுத வேண்டும். பள்ளிச் சான்று இல்லை எனக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பினால், பள்ளியில் சேர்ப்பது அரசின் கடமை என்பதை எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும். மறுப்பு ஆணை வந்தால் அதை எழுத்துவடிவில் பெற வேண்டும். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. அவசர நிலையில் 1098 என்ற எண்ணை அழைக்கலாம்.

திரையில் தனித்து நிற்கும் குழந்தைகளின் சாமர்த்தியத்தைக் கண்டு நாம் கைதட்டுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சாமர்த்தியம் தேவைப்பட்டது ஏன் என்று கேட்பதில்லை. நம் தெருவில் பள்ளி நேரத்தில் சாக்குப்பையுடன் நடக்கும் பிள்ளையைப் பார்க்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்போம். பின்னர் அதை மனுவாக எழுதுவோம்.